எந்தப் பதிப்பின் திரை இது?

வாசகர் கேள்வி:

கிடங்கு மேலாண்மை மென்பொருள் ஒன்றுக்குப் பயனர் கையேடு எழுதி வருகிறேன். இந்த வேலைக்கு நிறுவனத்தில் நான் ஒருத்திதான். 5, 6, 7 என மூன்று பதிப்புகள் இப்போது வாடிக்கையாளர்களிடம் புழக்கத்தில் இருக்கின்றன. கையேட்டில் சுமார் 180 ஸ்கிரீன்ஷாட்கள் உள்ளன. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் படக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, மாறிய படத்தை மட்டும் அதே பெயரில் மாற்றி வைத்து வந்தோம். சில படங்கள் மூன்று கையேடுகளுக்கும் பொதுவான கோப்புறையிலும் கிடக்கின்றன. 7ஆம் பதிப்பில் பக்கவாட்டு மெனு முற்றிலும் மாறிவிட்டது. 5ஆம் பதிப்பு வைத்திருப்பவர்கள் 7இன் படத்தைப் பார்த்துவிட்டு, ‘எங்கள் திரையில் இந்தப் பொத்தானே இல்லையே’ என்று உதவி மையத்தை அழைக்கிறார்கள். எல்லாப் படங்களையும் ஒவ்வொரு பதிப்புக்கும் புதிதாக எடுக்கச் சொல்கிறார் மேலாளர். படமே வேண்டாம், எழுத்து போதும் என்கிறார்கள் டெவலப்பர்கள். 5ஆம் பதிப்பை நிறுவிப் பார்க்க எங்களிடம் இப்போது கணினியும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இரு தரப்பார் சொல்வதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். மேலாளர் சொன்னபடி செய்தால் 180 படங்கள் 540 ஆகும். நாளை இன்னொரு மொழி சேர்ந்தால் 1,080. டார்க் மோட் தோற்றத்துக்கும் தனிப் படம் வேண்டும் என்று யாராவது கேட்டால் 2,160. தனி ஒருவர் இத்தனையையும் எடுத்து முடிப்பதற்குள் அடுத்த பதிப்பு வந்து நிற்கும். அப்படியே எடுத்து முடித்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று எந்த வித்தியாசமும் இல்லாத படங்களாகத்தான் இருக்கும். டெவலப்பர்கள் வேறு காரணத்தால் தவறுகிறார்கள். அந்தத் திரைகளைக் கட்டியவர்களே அவர்கள். எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வார்கள். சரக்கு வரவு பதியும் திரையை முதல் நாள் பார்க்கிற கிடங்கு ஊழியருக்குப் படம் எவ்வளவு தேவை என்பது அவர்கள் பக்கத்திலிருந்து தெரியாது.

உங்கள் சிக்கலின் வேர் எண்ணிக்கையில் இல்லை. படத்தைக் கையேட்டின் பதிப்போடு கட்டி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் வேர். படம் திரைக்குச் சொந்தமானது. கையேடு 5, 6, 7 என்று ஒரு வேகத்தில் நகர்கிறது. ஒவ்வொரு திரையும் தன் போக்கில் மாறுகிறது. சரக்கு வரவுத் திரை 5.0இல் வந்து, 6.2இல் ஒரு புதுப் புலம் பெற்று, 7இல் அப்படியே தொடரலாம். பயனர் கணக்குத் திரை 5இலிருந்து இன்றுவரை மாறாமலே இருக்கலாம். முதலாவதற்கு இரண்டு படங்கள் போதும், இரண்டாவதற்கு ஒன்றே போதும். ஆனால் உங்கள் கோப்புறைகளில் இரண்டுக்கும் மும்மூன்று கோப்புகள் இருக்கும். எது உண்மையில் வேறுபட்டது, எது வெறும் நகல் என்று கோப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு செய்ய வேண்டிய வேலைகள் தாமாகவே வரிசைக்கு வரும்.

முதலில், இன்றே ஒன்றை நிறுத்துங்கள். ஒரு படத்தை இனி எக்காரணம் கொண்டும் அதே பெயரில் மேலெழுத வேண்டாம். உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளுக்குக் காரணம் அநேகமாக இதுதான். பொதுக் கோப்புறையில் உள்ள படத்தை 7ஆம் பதிப்புக்காக மாற்றிய அதே கணத்தில் 5, 6 கையேடுகளிலும் அது மாறிவிடுகிறது. அந்தக் கையேடுகளை யாரும் தொடவில்லை, எந்த மாற்றக் குறிப்பும் இல்லை, ஆனால் அவை தவறாகிவிட்டன. பிரவுசர் பழைய படத்தைத் தற்காலிகமாகச் சேமித்து வைத்திருப்பதால் சிலருக்குப் பழையதும் சிலருக்குப் புதியதும் தெரியும் குழப்பமும் இதனால் வருகிறது. திரை மாறினால் புதுப் படம், புதுக் கோப்பு. பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து, படங்களைக் குறையுங்கள். இதை நான் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. தேவையற்ற படம் வாசகரின் கண்ணைத் தேவையானதிலிருந்து திருப்புகிறது. ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று ஒன்றைக் கேளுங்கள்: இதை எடுத்துவிட்டால் வாசகர் எந்த இடத்தில் தடுமாறுவார்? பதில் தெளிவாக வந்தால் படம் இருக்கட்டும். பெயர் எழுதாமல் வெறும் குறியீடாக நிற்கும் பொத்தான், பல பகுதிகள் கொண்ட படிவத்தின் மொத்த அமைப்பு, வேலை சரியாக முடிந்தால் திரை எப்படி இருக்க வேண்டும் என்பது, வரைபடம் போன்ற முடிவுகள் ஆகியவற்றைச் சொல்லால் ஈடுகட்ட முடியாது. ‘சேமிக்கவா?’ என்று கேட்டு இரண்டு பொத்தான்களோடு நிற்கும் சிறு பெட்டிக்கு எதற்குப் படம்? உள்நுழைவுத் திரைக்கு எதற்கு? கட்டளை வரியின் வெளியீட்டைப் படமாக எடுத்துப் போடுவதை அறவே விட்டுவிடலாம். அதை எழுத்தாகவே கொடுத்தால் வாசகர் நகலெடுக்கலாம், தேடலாம், பார்வைத்திறன் குறைந்தவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும். எழுத்தைப் படமாக்கித் தருவதை டபிள்யூசிஏஜி என்னும் இணைய அணுகல்தன்மை நெறிமுறை, தவிர்க்க முடியாத இடங்களுக்கு மட்டுமே விட்டு வைக்கிறது.

மிச்சமிருக்கும் படங்களில் பலவற்றை இறுக்கமாக வெட்டலாம். 7ஆம் பதிப்பில் உங்களைப் பாடாய்ப் படுத்துவது பக்கவாட்டு மெனு. முழுத் திரையையும் பிடித்த ஒவ்வொரு படத்திலும் அந்த மெனு இருக்கிறது. ஆகவே அது மாறியபோது எல்லாப் படங்களும் பழையதாகிவிட்டன. படிவத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் அவற்றில் கணிசமானவை இன்னும் செல்லும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஒரு பொத்தானை மட்டும் தபால்தலை அளவுக்கு வெட்டி வைத்தால் அது திரையில் எங்கே இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியாது. ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்தில் முழுத் திரையைக் காட்டும் படம் ஒன்று, அதன்பின் அந்தந்தப் பகுதியின் வெட்டுப் படங்கள் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். மெனு மாறும்போது அந்த ஒரு முழுப் படத்தை மட்டும் மாற்றினால் போதும்.

திரையின் முக்கியமற்ற பகுதிகளையெல்லாம் சாம்பல் நிறக் கட்டங்களாக்கி, தேவையான பகுதியை மட்டும் உண்மையாகக் காட்டும் எளிமைப்படுத்திய படங்களும் உண்டு. ஸ்னாகிட் போன்ற கருவிகளில் இதற்கான வசதியே இருக்கிறது. சிறு மாற்றங்களைத் தாங்கும், மொழிபெயர்ப்புக்கும் நல்லது. அறிமுகப் பக்கங்களில் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் படிப்படியான செய்முறையில் வேண்டாம் என்பது என் கருத்து. கையேட்டை ஒரு பக்கமும் மென்பொருளை மறுபக்கமும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, தான் சரியான இடத்தில்தான் இருக்கிறோமா என்று உறுதி செய்துகொள்கிறார். சாம்பல் கட்டம் அந்த உறுதியைத் தராது.

இனி அடிப்படை வேலைக்கு வருவோம். ஒவ்வொரு படத்துக்கும் நிலையான ஓர் அடையாளப் பெயர் வேண்டும். அந்தப் பெயர் இரண்டையே சொல்ல வேண்டும்: எந்தத் திரை, எந்த நிலை. ‘சரக்குவரவு-படிவம்-வெற்று’, ‘சரக்குவரவு-படிவம்-பிழை’, ‘இருப்பு-அறிக்கை-வடிகட்டியது’ என்பதுபோல. பதிப்பு எண், படி எண், பக்க எண் எதுவும் பெயருக்குள் வரக்கூடாது. படிகளின் வரிசை மாறும், பக்கங்கள் பிரியும், பொத்தானின் எழுத்தும் மாறும், பெயர் மாறக்கூடாது. ‘புதியது’, ‘இறுதி’, ‘இறுதி-2’ போன்ற ஒட்டுகள் உங்கள் கோப்புறையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். அவை எடுத்த நாளில் மட்டுமே பொருள் தருபவை.

அடையாளப் பெயருக்குக் கீழே ஒரு பட்டியல். சாதாரண விரிதாள் போதும். கையேட்டின் மூலக் கோப்புகளோடு சேர்த்து வைக்கக்கூடிய எளிய உரைக் கோப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வரியிலும் படத்தின் பெயர், அந்தத் திரைக்கு எப்படிப் போவது, எந்த அனுமதி நிலையிலுள்ள பயனராக உள்நுழைந்து எடுத்தது, முன்கூட்டியே என்ன தரவு இருக்க வேண்டும், எந்தப் பகுதி வெட்டப்பட்டது, கையேட்டின் எந்தப் பக்கங்களில் வருகிறது என்பவை இருக்கட்டும். அனுமதி நிலையைப் பலர் எழுதி வைப்பதில்லை. நிர்வாகியாக உள்நுழைந்து எடுத்த படத்தில் சாதாரணப் பயனருக்குத் தெரியாத பொத்தான்கள் இருக்கும். ‘எங்கள் திரையில் இந்தப் பொத்தானே இல்லையே’ என்ற அழைப்புகளில் சில பதிப்பு வேறுபாட்டால் வராமல் இந்தக் காரணத்தால் வந்திருக்கவும் கூடும். உதவி மையத்திடம் அந்த அழைப்புகளின் விவரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பட்டியலில் பதிப்புக்கென்று இரண்டு நெடுவரிசைகள் வேண்டும். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். முதலாவது, எந்தப் பதிப்பிலிருந்து இந்தத் தோற்றம் செல்லும் என்பது. இரண்டாவது, எந்தப் பதிப்பு வரை இதைத் திரையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம் என்பது. பலர் முதலாவதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். 7ஆம் பதிப்புக்கான படம் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் 6இன் படத்தை எடு, அதுவும் இல்லையென்றால் 5இன் படத்தை எடு என்று கையேட்டை உருவாக்கும் நிரலுக்குச் சொல்லிவிடுவது எளிது. நகல்கள் ஒழிந்துபோகும், கோப்புறை மெலியும். ஆனால் ஓர் ஆபத்து சத்தமில்லாமல் உள்ளே வருகிறது. 7இல் மாறிய திரையைப் புதிதாகப் படமெடுக்க மறந்துவிட்டால், நிரல் எந்தப் புகாரும் இல்லாமல் 5இன் படத்தை எடுத்து 7இன் கையேட்டில் வைத்துவிடும். மாறாததால் பழைய படமே தொடர்கிறது என்பதும், யாரும் பார்க்காததால் பழைய படம் தொடர்கிறது என்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது நெடுவரிசை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. ‘5.0இலிருந்து செல்லும், 7.0 வரை சரிபார்த்தது’ என்று இருந்தால் நிம்மதியாக வெளியிடலாம். ‘5.0இலிருந்து செல்லும், 6.2 வரை சரிபார்த்தது’ என்று இருந்தால் 7இன் கையேட்டை உருவாக்கும்போது நிரல் அதை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் அந்த எச்சரிக்கைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு திரைகளைப் பார்த்து வந்தால் போதும். படத்தை மாற்றத் தேவையில்லை என்றால் எண்ணை மட்டும் 7.0 ஆக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

நிரல் எழுதித் தரும் டெவலப்பரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். பதிப்பு எண்களை எழுத்தாக ஒப்பிடக்கூடாது. 6.10 என்பது 6.9க்குப் பின் வருவது. எழுத்துகளாக வரிசைப்படுத்தினால் 6.10 முன்னே வந்து நிற்கும், தவறான படம் தேர்வாகும்.

நீங்கள் எந்தக் கருவியில் எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. எதுவானாலும் இதைச் செய்ய வழி இருக்கிறது. டிட்டா என்னும் எக்ஸ்எம்எல் ஆவண வடிவத்தில் எழுதினால் படத்தை நேரடியாகக் கோப்புப் பெயரால் சுட்டாமல் ‘கீ’ என்னும் பெயரால் சுட்டலாம். 2010இல் வந்த டிட்டா 1.2 முதல் இந்த வசதி உண்டு. பக்கங்களைத் தொகுத்து அடுக்கும், ஒவ்வொரு பதிப்புக்குமான வரைபடக் கோப்பும் அந்தக் கீயை வெவ்வேறு படத்தோடு இணைக்கும், பக்கத்தின் உரையைத் தொடவே வேண்டாம். மேட்கேப் ஃபிளேரில் கண்டிஷன் டேக், ஆஸ்கிடாக்கில் நிபந்தனை வரிகளும் படக் கோப்புறையைக் குறிக்கும் மாறியும் (வேரியபிள்) இதே வேலையைச் செய்யும். டாகுசாரஸ் என்னும் ஆவணத் தளக் கருவி என்றால் கவனம் தேவை. அதில் புதுப் பதிப்பைப் பிரிக்கும்போது ஆவணக் கோப்புறை முழுவதும் நகலாகிறது. பக்கங்களோடு சேர்த்து வைத்த படங்களும் கூடவே நகலாகும். ஸ்டேட்டிக் கோப்புறையில் வைத்தவை நகலாகாமல் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக நிற்கும். முதல் வகையில் உங்களுக்கு நகல்கள் பெருகும், இரண்டாவது வகையில் ஒரு படத்தை மேலெழுதினால் எல்லாக் கையேடும் மாறும். ஸ்டேட்டிக்கிலேயே வைத்து, கோப்பின் பெயரோடு ‘எந்தப் பதிப்பிலிருந்து’ என்ற எண்ணை மட்டும் ஒட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. அடையாளப் பெயரில் எண் வேண்டாம் என்றேன், கோப்பில் வரலாம். அடையாளம் ஒன்றுதான், அதன்கீழ் கோப்புகள் பல.

கோப்புகளின் மாற்றங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் என்னும் கருவியில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கிளை வைத்திருந்தால் இடம் வீணாகுமே என்று அஞ்ச வேண்டாம். ஒரே உள்ளடக்கமுள்ள கோப்பு எத்தனை கிளைகளில் இருந்தாலும் கிட் அதை ஒரு முறைதான் சேமிக்கும். ஆனால் அதே படத்தை இன்னொரு கருவியில் திறந்து மீண்டும் சேமித்தால், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாவிட்டாலும் அது புதுக் கோப்பு. கிளைகளில் உண்மையான தொல்லை வேறு. உரைக் கோப்பில் இருவர் செய்த மாற்றங்களை இணைக்கலாம். பிஎன்ஜி படத்தில் அது முடியாது, ஏதேனும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தனி ஒருவராக இருக்கும்வரை உங்களுக்கு இது உறைக்காது, இன்னொருவர் சேர்ந்ததும் உறைக்கும்.

படம் எடுக்கும் முறைக்கு வருகிறேன். ஒரே திரையை இன்று ஓர் அளவிலும் ஆறு மாதம் கழித்து வேறோர் அளவிலும் எடுத்தால், பதிப்பு மாறாமலே படம் மாறியதாகத் தோன்றும். ஜன்னலின் அளவு, பெரிதாக்கும் விகிதம், திரையின் பிக்சல் அடர்த்தி, எழுத்துரு, மொழி, நேர மண்டலம், மாதிரித் தரவு ஆகிய அனைத்தையும் ஒருமுறை முடிவு செய்து எழுதி வையுங்கள். 1280 பிக்சல் அகலம், 100 சதவீதப் பெரிதாக்கம், இரட்டை அடர்த்தி என்பதுபோல எதையாவது முடிவு செய்தால் சரி. எது என்பதைவிட எப்போதும் அதுவே என்பதுதான் இங்கே பயன் தரும். சேமிப்பது பிஎன்ஜியில்தான். ஜேபெக் சிறு எழுத்துகளின் ஓரங்களைக் கலங்கடித்துவிடும்.

மாதிரித் தரவு தனியே கவனிக்க வேண்டியது. உண்மையான வாடிக்கையாளரின் தரவுத்தளத்தைத் திறந்து படம் எடுப்பதை உங்கள் நிறுவனத்தில் யாராவது வழக்கமாக வைத்திருந்தால் அதை நிறுத்தச் செய்யுங்கள். கற்பனையான கிடங்கு, கற்பனையான பொருள்கள், கற்பனையான பெயர்கள் கொண்ட ஒரு தரவுத் தொகுப்பை உருவாக்கி, ஒவ்வொரு பதிப்பிலும் அதையே ஏற்றிப் படமெடுங்கள். மின்னஞ்சல் முகவரி தேவைப்படும் இடத்தில் எக்ஸாம்பிள்.காம் என்ற டொமைனைப் பயன்படுத்தலாம். 1999இல் வந்த ஆர்எஃப்சி 2606 என்னும் இணைய நெறி ஆவணம் அதை எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறது. ஐபி முகவரிக்கு 192.0.2 என்று தொடங்கும் தொகுதி. 2010இன் ஆர்எஃப்சி 5737 அதை ஆவணங்களுக்கென ஒதுக்கியது. உண்மையான பெயரை எடுத்துவிட்டுப் பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கட்டங்கட்டமாக்கி மறைத்த எழுத்தை மீட்டெடுக்க முயலும் கருவிகள் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. வெட்டுவதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2023 மார்ச்சில் ‘ஏக்ரோபலிப்ஸ்’ என்ற குறைபாடு வெளிவந்தது. கூகுளின் பிக்சல் தொலைபேசிகளின் படத்திருத்தக் கருவியில் வெட்டிச் சேமித்த படக் கோப்பின் வால்பகுதியில் வெட்டப்பட்ட பகுதியின் தரவும் தங்கியிருந்தது; விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் கருவியிலும் அதே குறைபாடு கண்டறியப்பட்டது. திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனால் அதற்கு முன்பு எடுத்து வெளியிட்ட படங்கள் அப்படியேதான் இருக்கும். உங்கள் 180 படங்களைப் பார்வையிடும்போது இந்தக் கண்ணோடும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டில் வெட்டிய படமும், வெட்டிய பகுதிகளை நீக்கச் சொல்லாதவரை, முழுப் படத்தையும் உள்ளே வைத்திருக்கும்.

படத்தின்மேல் போடும் அம்புகளையும் எண்களையும் படத்தோடு ஒட்டிவிடாதீர்கள். தனி அடுக்காக வைத்திருங்கள். எஸ்விஜி என்னும் வெக்டர் படக் கோப்பில் கீழே பிஎன்ஜி, மேலே எண்கள் என்று வைத்துக்கொள்ளலாம். படத்திருத்தக் கருவியின் அடுக்குகள் கொண்ட மூலக் கோப்பைச் சேமித்தாலும் சரி. திரை மாறும்போது கீழ்ப் படத்தை மட்டும் மாற்றி, எண்களைச் சற்று நகர்த்தினால் வேலை முடியும். படத்துக்குள் விளக்கச் சொற்களை எழுத வேண்டாம். 1, 2, 3 என்று எண் மட்டும் போட்டு விளக்கத்தைக் கீழே உரையில் கொடுங்கள். நாளை மொழிபெயர்ப்பவர் உங்களை வாழ்த்துவார். படத்துக்கான மாற்று உரையும் பதிப்போடு பழசாகும் என்பதை மறக்க வேண்டாம். ‘அனுப்பு பொத்தான்’ என்று மாற்று உரையில் எழுதியிருக்கும், 7இல் அது ‘உறுதிசெய்’ ஆகியிருக்கும். படத்தைப் பார்க்க முடியாத வாசகருக்கு அந்த உரைதான் படம். அதையும் பட்டியலில் படத்தோடு சேர்த்து வையுங்கள், இரண்டும் ஒன்றாகச் சரிபார்க்கப்படட்டும்.

தானியங்கி முறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இது பற்றிய பேச்சு எழும். உங்கள் மென்பொருள் பிரவுசரில் இயங்குவது என்றால் பிளேரைட், செலினியம் போன்ற கருவிகளைக் கொண்டு ஒரு நிரல் தானாகவே உள்நுழைந்து, திரைக்குப் போய், குறிப்பிட்ட பகுதியை மட்டும் படமெடுக்கும். பிளேரைட்டில் அசைவுகளை நிறுத்திவைக்கவும், தேதி போல மாறிக்கொண்டே இருக்கும் பகுதிகளை மூடி மறைக்கவும் வசதி உண்டு. உங்கள் டெவலப்பர்கள் ஏற்கெனவே சோதனை நிரல்கள் எழுதியிருப்பார்கள். அவற்றின் இடையில் படமெடுக்கும் வரியைச் செருகச் சொல்வது புதிதாக எழுதுவதைவிட எளிது. பொத்தானின் எழுத்தைத் தேடும் நிரல், எழுத்து மாறியதும் நின்றுவிடும். ஆகவே திரையின் உறுப்புகளுக்குச் சோதனைக்கென்றே கொடுக்கும் மாறாத அடையாளங்களைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இதன் பெரும்பயன் படமெடுக்கும் நேரம் மிச்சமாவது என்று பலர் எண்ணுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரும்பயன் மாற்றம் தெரிவதில் இருக்கிறது. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டு, மாறியவற்றை நிரல் பட்டியலிட்டுவிடும். நான் சொன்ன ‘சரிபார்த்தது’ நெடுவரிசையைப் பெருமளவு அதுவே நிரப்பும். வெவ்வேறு இயங்குதளங்கள் எழுத்துருவைச் சற்று வேறுவிதமாக வரைவதால், ஒப்பீடு எப்போதும் ஒரே சூழலில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் படங்களும் மாறியதாகக் கூச்சலிடும், இரண்டாம் வாரமே அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மாறியது என்று நிரல் சொல்லும். அந்த மாற்றம் வாசகரைப் பாதிக்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். படியைப் பின்பற்றி வரும் வாசகர் அந்த இடத்தில் நின்று, ‘இது வேறு திரையோ?’ என்று ஐயப்படுவாரா? ஆம் என்றால் படத்தை மாற்றுங்கள். பொத்தானின் மூலை வளைந்தது, நீலம் சற்று அடர்ந்தது என்பவை காத்திருக்கலாம். புலத்தின் பெயர் மாறியது, பொத்தான் இடம்பெயர்ந்தது என்பவை காத்திருக்க முடியாது.

டெஸ்க்டாப் மென்பொருள் என்றாலோ, குறைத்தபின் அறுபது எழுபது படங்கள்தான் மிஞ்சின என்றாலோ, தானியங்கிக்கு அவசரப்பட வேண்டாம். பட்டியல் ஒழுங்காக இருந்தால் கையாலேயே சமாளிக்கலாம்.

மேலாளரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். டெவலப்பர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் படிவத்தில் ‘பயனர் திரை மாறுகிறதா? எந்தத் திரை?’ என்ற ஒரு வரி சேர வேண்டும். உங்கள் அடையாளப் பெயர்களின் முதல் பகுதி திரையின் பெயர் என்பதால், அந்த வரியிலிருந்து பாதிக்கப்படும் படங்களின் பட்டியல் நேராகக் கிடைத்துவிடும். படமே வேண்டாம் என்று சொன்ன டெவலப்பர்களும் இதை மறுக்க மாட்டார்கள். ஒரு வரி எழுதுவது உதவி மையத்தின் புகார்களைப் படிப்பதைவிட இலகு.

180 படங்களையும் ஒரே மூச்சில் பட்டியலிட உட்காராதீர்கள், பாதியில் சோர்ந்துவிடுவீர்கள். உதவி மையத்துக்கு அதிக அழைப்பு வரும் பக்கங்களை முதலில் எடுங்கள். அவற்றில் உள்ள படங்களைக் குறைத்து, வெட்டி, பெயரிட்டு, பட்டியலில் ஏற்றுங்கள். மற்றவற்றை அந்தந்தப் பக்கத்தைத் திருத்த நேரும்போது ஏற்றலாம். நகல்களைக் கண்டுபிடிக்கக் கண்ணை வருத்த வேண்டாம். கோப்புகளின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் மதிப்பை ஒப்பிடும் சிறு நிரல் முழுக்க ஒன்றாக இருப்பவற்றை உடனே காட்டிவிடும். மறுசேமிப்பால் வேறாகிப்போனவை மட்டுமே உங்கள் பார்வைக்கு மிஞ்சும்.

டார்க் மோட் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்: வெளிர் தோற்றத்தில் மட்டும் படம். நிறம் மாறியதால் மட்டும் வழி தவறும் வாசகர் அரிது. அந்த ஒரு முடிவு பாதிப் படங்களைக் குறைக்கிறது.

கடைசியாக, நிறுவ முடியாத அந்த 5ஆம் பதிப்பு. பொதுக் கோப்புறையில் மேலெழுதுவதற்கு முந்தைய 5இன் படங்கள் கிட்டிலோ, காப்புப் பிரதியிலோ, அந்நாளில் வெளியிட்ட பிடிஎஃப் கையேட்டிலோ அநேகமாக இருக்கும். முதலில் அங்கே தேடுங்கள். கிட் இருந்தால் 5 வெளியான நாளின் நிலைக்குப் போய் அந்தப் படக் கோப்புறையை அப்படியே எடுத்துவிடலாம். பிடிஎஃப் என்றால் அதனுள் இருக்கும் படங்களைத் தனியே பிரித்தெடுக்கும் கருவிகள் உண்டு; பிடிஎஃப் உருவாக்கத்தில் படம் சுருக்கப்பட்டிருந்தால் தெளிவு சற்றுக் குறையும், ஆனால் தவறான படத்தைவிடக் கொஞ்சம் மங்கிய சரியான படம் மேல். எங்குமே கிடைக்காத திரைகளுக்கு 7இன் படத்தை அங்கே விட்டுவைக்காதீர்கள். படத்தை நீக்கிவிட்டு, பொத்தானின் பெயரும் இடமும் சொல்லும் ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். 5ஆம் பதிப்பு வைத்திருக்கும் வாடிக்கையாளரோடு பேசும் உதவி மைய ஊழியரிடம் கேட்டால் அந்த வாக்கியத்துக்கான விவரம் கிடைக்கும். பட்டியலில் 5இன் வரிகளுக்கு ‘மூடியது’ என்று குறித்துவிடுங்கள். 6, 7 பதிப்புகளை மாதிரித் தரவோடு மெய்நிகர் கணினிகளில் நிறுவி, அவற்றின் நகலை இந்த வாரமே சேமித்து வைக்கச் சொல்லுங்கள். 8 வந்த பிறகு 6இன் திரை ஒன்றைத் திரும்பப் பார்க்க வேண்டிவந்தால் அதைத் திறந்தால் போதும்.